திறந்த வடிவமைப்பில் ஒரு பெல்ட் கிரைண்டர்: டெல்டா பட்டறைகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் என்றதும் பலருக்கு ஆர்டுயினோ போர்டும் 3டி பிரிண்டரும்தான் நினைவுக்கு வரும். இந்த வழிகாட்டி இரும்பைப் பற்றியது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு லேத்தும் இரண்டு வெல்டிங் பட்டறையும் கண்ணில் படும். அந்தப் பட்டறைகளே கட்டக்கூடிய, கட்டியபின் அவற்றுக்கே உதவுகிற ஓர் இயந்திரத்தை, அதாவது ஓடும் உப்புத்தாள் பட்டையால் உலோகத்தைத் தேய்க்கும் பெல்ட் கிரைண்டரை வடிவமைத்து, ஓட்டிப் பார்த்து, வரைபடத்தோடு எல்லோருக்கும் திறந்துவிடுவது எப்படி என்று முதலிலிருந்து பார்க்கலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டறையில் இயந்திரம் ஓடிவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. உங்களைப் பார்த்தே இராத ஒரு வெல்டர் வேதாரண்யத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல், தாளை மட்டும் பார்த்து அதையே கட்டி ஓட்டினால்தான் அது திறந்த வடிவமைப்பு. கீழே வரும் ஒவ்வொரு முடிவும் அந்த வெல்டரை மனத்தில் வைத்து எடுத்தது.

எது திறந்தது, எது இல்லை

வரைபடத்தை பி.டி.எஃப். ஆக இணையத்தில் போட்டுவிட்டால் திறந்ததாகிவிடாது. ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் அசோசியேஷன் பராமரிக்கும் வரையறைப்படி, யார் வேண்டுமானாலும் அந்த வடிவமைப்பைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், அதைக் கொண்டு பொருள் செய்யலாம், செய்ததை விற்கவும் செய்யலாம். திருத்தக்கூடிய மூலக் கோப்பும் கையில் கிடைக்க வேண்டும். “வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது” என்ற நிபந்தனையோடு வரும் வரைபடங்கள் இந்த வரையறைக்குள் வராது. டெல்டாவில் இது ஏட்டு விவாதம் இல்லை. பட்டறைக்காரர் விற்பதற்காகத்தான் செய்கிறார். விற்கக் கூடாதென்றால் அவருக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

முன்னோடிகளை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் பௌயர் 2005-இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் உதிரி பாகங்களில் ஒரு பகுதியைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் 3டி பிரிண்டரைத் திறந்த வடிவமைப்பாக விட்டது. இன்று வீட்டு மேசைகளில் இருக்கும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. மார்ச்சின் ஜகுபோவ்ஸ்கி தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஈகாலஜி, டிராக்டர் முதல் செங்கல் அழுத்தும் இயந்திரம் வரை 50 இயந்திரங்களின் பட்டியலோடு வேலை செய்கிறது. அவர்கள் வரைபடங்களை அப்படியே எடுத்துக் கட்ட முயல்பவர்கள் பெரும்பாலும் இரும்புக்கடையில்தான் மாட்டிக்கொள்வார்கள். அமெரிக்கக் கால் இன்ச் சுவர்த் தடிமன் பைப் நம் ஊர்க் கடையில் இராது. அதனால் யோசனையை எடுத்துக்கொண்டு, அளவை நம் கடைக்கு ஏற்றபடி புதிதாகப் போட வேண்டும்.

ஏன் பெல்ட் கிரைண்டர், ஏன் லேத் இல்லை

இயந்திரம் கட்டும் ஆசை வந்தவர்கள் நேரே லேத்துக்குப் போவார்கள். வேண்டாம். காங்கிரீட் படுக்கையில் லேத் கட்டும் முறை முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து இருக்கிறது, படிக்கவும் சுவையானது. ஆனால் படுக்கையின் நேர்த்தி, ஸ்பிண்டிலின் இணைத்தன்மை இரண்டையும் கையால் கொண்டுவருவதற்குள் பொறுமை போய்விடும். அதற்கு ஆகும் செலவில் பட்டாலாவிலோ ராஜ்கோட்டிலோ செய்த பழைய லேத் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பெல்ட் கிரைண்டர் அப்படியில்லை. ஒரு மோட்டார், நான்கு சக்கரம், சில பைப் துண்டுகள். நுணுக்கம் தேவைப்படுவது நான்கே இடங்களில். வேலையோ நிறைய: வெல்டிங் முகத்தைச் சமன்செய்யலாம், பிளேட் வெட்டிய பிசிரை எடுக்கலாம், அரிவாள், மண்வெட்டி தீட்டலாம், நாச்சியார்கோவில் பக்கத்துக் குத்துவிளக்குப் பட்டறையில் வார்ப்பின் முரட்டுத்தோலை உரிக்கலாம். களையெடுக்கும் கோனோ வீடருக்குப் பல் செய்கிறவர் ஆங்கிள் கிரைண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் கணக்கு

பெல்ட் அளவு 50 மி.மீ. அகலம், 1830 மி.மீ. நீளம். அதாவது 2 இன்ச், 72 இன்ச். உலகம் முழுக்க அதிகம் கிடைக்கும் அளவு இதுதான். உப்புத்தாள் மொத்த வியாபாரிகள் ரோலிலிருந்து வெட்டி ஒட்டியும் தருவார்கள்.

மோட்டார் ஒரு எச்.பி., அதாவது 0.75 கிலோவாட், 1440 ஆர்.பி.எம். ஓட்டும் சக்கரத்தின் விட்டம் 150 மி.மீ. வேகத்தைக் கணக்கிடுவோம்: 0.150 × 3.14 = 0.471 மீட்டர், இது ஒரு சுற்றுக்கு. நொடிக்கு 24 சுற்று. பெருக்கினால் நொடிக்கு 11.3 மீட்டர். வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) மூலம் 25 ஹெர்ட்ஸிலிருந்து 75 ஹெர்ட்ஸ் வரை மாற்றினால் ஏறக்குறைய 5.6-லிருந்து 17 மீட்டர் வரை கிடைக்கும். தீட்டுவதற்குக் கீழ் வேகம், வெல்டிங் உரிக்க மேல் வேகம். அரிவாளை மேல் வேகத்தில் பிடித்தால் விளிம்பு நீலமாகிப் பதம் போய்விடும்.

மற்ற மூன்று சக்கரங்களுக்கும் 75 மி.மீ. மேல் வேகத்தில் அவை நிமிடத்துக்கு 4300 சுற்று சுற்றும். சாதாரண 6201 பேரிங்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கணக்கை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். வேறு மோட்டார் கிடைத்தவர் சக்கர அளவைத் தானே மாற்றிக்கொள்ள இது ஒன்று போதும்.

கடைவீதியைப் பார்த்து வரையுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு இரும்புக்கடைக்குப் போங்கள். 40 × 40 பைப் என்று விற்பதை அளந்தால் 39.7 இருக்கும், அடுத்த கட்டில் 40.2 இருக்கும். மூலைகள் உருண்டிருக்கும். ஒரு பைப்புக்குள் இன்னொன்று நுழையும் வடிவமைப்புகள் இந்த இடத்தில்தான் உதைக்கும். உள்ளே வெல்டிங் தழும்பு வேறு நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் நான் பரிந்துரைப்பது வேறு ஏற்பாடு. 10 மி.மீ. பிளேட் இரண்டு, நடுவில் 40 மி.மீ. சதுர பைப்பில் வெட்டிய இடைத்துண்டுகள், எல்லாவற்றையும் சேர்த்து எம்12 போல்ட். இடைத்துண்டுகளுக்கு நடுவே விடும் சந்துகளில், அதே பைப்பில் வெட்டிய கைகள் (நீட்டிக் குறைக்கும் தாங்கு தண்டுகள்) வழுக்கிப் போய்வரும். இடைத்துண்டும் கையும் ஒரே நீளத்திலிருந்து வெட்டப்படுவதால் பைப் 39.7 ஆக இருந்தாலும் 40.2 ஆக இருந்தாலும் கவலையில்லை. வழுக்குவதற்கு வேண்டிய இடைவெளிக்கு, இடைத்துண்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 0.2 மி.மீ. தகடு ஒன்று வைத்தால் போதும்.

பொருள் பட்டியலில் எல்லோரும் பெயர், அளவு, எண்ணிக்கை போடுவார்கள். நீங்கள் “இது கிடைக்காவிட்டால்” என்று ஒரு பத்தியைச் சேருங்கள். திருச்சியில் பி.எச்.இ.எல். சுற்றுவட்டாரத்தில் லேசர் கட்டிங் எளிதில் கிடைக்கும், திருத்துறைப்பூண்டியில் கிடைக்காது. எனவே பிளேட்டுக்கு லேசர் கோப்பும் வேண்டும், கேஸ் கட்டிங்கில் வெட்டித் துளைபோடும் வழியும் வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் என்றால் “பைக் ஸ்பிரிங்” என்று எழுதி நகராதீர்கள். கம்பித் தடிமன், வெளி விட்டம், சுற்று எண்ணிக்கை, தளர்ந்த நிலையில் நீளம் நான்கையும் எழுதினால் பழைய இரும்புக்கடைக் குவியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

வரைபடம்

முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட், தட்டையான வெட்டுகளுக்கு லிப்ரேகேட். இரண்டும் இலவசம், இரண்டும் கட்டற்ற மென்பொருள். விலைகொடுத்து வாங்கும் மென்பொருளில் வரைந்து திறந்துவிட்டால், திருத்த நினைப்பவரும் அதையே வாங்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு முதல் கோண வீழ்த்தல் முறைதான் (பொருளின் முன், மேல், பக்கத் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் ஒரு முறை) பழக்கம். அமெரிக்க வரைபடங்கள் மூன்றாம் கோணத்தில் வரும். மென்பொருளின் அமைப்பைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டால் இடம்வலம் மாறிய பாகம் கையில் கிடைக்கலாம். முதல் கோணம் என்று அமைத்து, அதன் குறியீட்டையும் தாளின் மூலையில் போடுங்கள்.

அளவுகள் மி.மீட்டரில் இருக்கட்டும். ஆனால் பட்டறையில் பேச்சு இன்னும் நூலில்தான் நடக்கிறது. ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மி.மீ. சொச்சம். போல்ட், டிரில் பிட் போன்றவற்றுக்கு இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் தகராறு வராது.

அடுத்தது நுணுக்க அளவு. வரைபடத்தில் எல்லா இடத்திலும் 0.01 என்று போட்டுக்கொண்டு போனால் லேத்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, எல்லாத்துக்கும் பாயிண்ட் ஜீரோ ஒன் போட்டிருக்கீங்க. இதுல எதுதான் நிஜம்?” நியாயமான கேள்வி. இந்த இயந்திரத்தில் நிஜமானவை நான்கு: பேரிங் உட்காரும் துளை, ஓட்டும் சக்கரத்தின் ஷாஃப்ட் துளை, டிராக்கிங் சக்கரத்தின் (பெல்ட்டை நடுவில் நிறுத்தும் சக்கரம்) மேடு, பேரிங்குகளுக்கு நடுவிலுள்ள புஷ்ஷின் (இடைக்குழாயின்) நீளம். இவற்றை மட்டும் கட்டம் கட்டிக் காட்டுங்கள். மீதி எல்லாவற்றுக்கும் தாளின் கீழே ‘கூடக் குறைய அரை மி.மீ.’ என்று ஒரே வரி போதும்.

சக்கரங்கள்

இயந்திரத்தின் தரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

கும்பகோணம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காவிரி வண்டலில் அச்சு எடுத்து உலோகம் வார்க்கும் கைகள் சுவாமிமலையிலும் நாச்சியார்கோவிலிலும் இருக்கின்றன. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மரத்தில் ஒரு மாதிரி செய்து கொடுத்தால் அலுமினியத்தில் வார்த்துத் தரச் சொல்லலாம். பித்தளையில் வார்த்துவிடுகிறோம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். 150 மி.மீ. விட்டம், 50 மி.மீ. அகலத்தில் கட்டிப் பித்தளை ஏழரைக் கிலோ வரும், மோட்டார் ஷாஃப்ட்டின் நுனியில் அவ்வளவு பாரம் தொங்கக் கூடாது. அலுமினியத்தில் இரண்டரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும்.

மாதிரியின் அளவு: அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு 1.3 அளவில் சுருங்கும். அதற்கு 2 மி.மீ., கடைசலுக்குப் பக்கத்துக்கு 3 மி.மீ. என்று சேர்த்தால் 150 மி.மீ. சக்கரத்துக்கு மாதிரி 158 மி.மீ., 75-க்கு 82. உருக்குவதற்குப் பழைய பிஸ்டனும் என்ஜின் உறைகளும் நல்லவை, ஏனென்றால் அவை வார்ப்புக்கென்றே கலந்த உலோகம். நசுங்கிய சமையல் பாத்திரத்தை உருக்கினால் வார்ப்பு மெத்தென்று இருக்கும், கடையும்போது உளியில் ஒட்டும். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் வார்ப்பு வேலை வேண்டாம். ஈரம் போகாத அச்சில் உருகிய உலோகம் விழுந்தால் ஈரம் நீராவியாகி உலோகத்தை மேலே தூக்கி அடிக்கும். வார்ப்பைத் தொழிலாகச் செய்பவரிடமே விட்டுவிடுங்கள், வீட்டுக் கொல்லையில் முயல வேண்டாம்.

வார்ப்பு வசதி இல்லாத ஊருக்கு மாற்று வழி இது. 65 என்.பி. (பெயரளவு உள் விட்டம் 65) கனப் பைப்பின் வெளி விட்டம் 76.1 மி.மீ. அதில் 50 மி.மீ. துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் வட்டத்தகடு வைத்து வெல்டிங் செய்து, முழுதாக ஆறியபின் லேத்தில் 75-க்குக் கடைந்தால் சக்கரம் தயார். வெல்டிங்குக்கு முன்பே கடைந்துவிட்டால் சூட்டில் கோணிப்போகும்.

பேரிங் 6201, இரு பக்கமும் ரப்பர் சீல் வைத்தது. உள் விட்டம் 12, வெளி விட்டம் 32, அகலம் 10. உள் விட்டம் 12 என்பதால் எம்12 ஹைடென்சில் போல்ட்டே ஷாஃப்ட்டாகிவிடும், தனியாகக் கடைய வேண்டியதில்லை. சக்கரத்தில் இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு பள்ளம் என்று திருப்பிப் பிடித்துக் கடைந்தால் இரண்டும் ஒரே மையத்தில் அமைவது கஷ்டம். ஒரே பிடியில் 31.98 மி.மீ. துளையை முழு நீளத்துக்கும் எடுத்துவிடுங்கள். நடுவில் பேரிங்கின் வெளி வளையத்துக்கு ஒரு புஷ், உள் வளையத்துக்கு ஒரு புஷ், இரு முனையிலும் சர்க்லிப் (பேரிங் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்).

அந்த இரண்டு புஷ்ஷின் நீளம்தான் நான்காவது நிஜம். உள் புஷ் வெளிப் புஷ்ஷைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. வரை நீளமாக இருக்கட்டும். குட்டையாகிவிட்டால், நட்டை இறுக்கும்போது இரண்டு உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும், குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும், ஐந்து நிமிடத்தில் சக்கரம் கைவைக்க முடியாத சூடாகும். பேரிங் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், அவர் மேல் தப்பில்லை. சரிபார்க்க எளிய வழி: நட்டை முழுதாக இறுக்கியபின் சக்கரத்தை விரலால் சுண்டுங்கள். இறுக்குவதற்கு முன் சுற்றியது போலவே சுற்ற வேண்டும்.

மேலேயுள்ள டிராக்கிங் சக்கரத்துக்கு மட்டும் நடுவில் மேடு வேண்டும். பெல்ட் எப்போதும் மேட்டைத் தேடி ஏறும், அதனால்தான் கழன்று ஓடாமல் நடுவில் நிற்கிறது. லேத்தின் காம்பவுண்ட் சிலைடை ஒரு டிகிரி திருப்பி, நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கடைந்தால் விளிம்பில் 0.44 மி.மீ. இறங்கும். நடுவில் 75 இருந்தால் ஓரத்தில் 74.1. இதைவிட அதிகமாக இறக்கினால் பெல்ட்டின் நடுப்பகுதி மட்டும் தேயும். மற்ற மூன்று சக்கரங்களும் தட்டையாகவே இருக்கட்டும்.

கடைந்து முடித்ததும் பேரிங்கோடு ஷாஃப்ட்டில் மாட்டி மெல்லச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் பாரம் கூட. அங்கே பக்கவாட்டில் 8 மி.மீ. பிட்டால் கொஞ்சம் குடைந்து, மறுபடி சுற்றிப் பாருங்கள்.

சட்டகம்

பக்கத்துப் பிளேட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்தில் நான்கு இடத்தில் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்து, ஒரே பிளேட்டாக எண்ணித் துளை போடுங்கள். அப்புறம் டேக்கைத் தேய்த்துப் பிரித்தால் துளைகள் நூல்பிடித்த மாதிரி பொருந்தும். இது ஊரில் எல்லா வெல்டருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனாலும் வரைபடத்தில் படி எண் போட்டு எழுதுங்கள். தனித்தனியாகத் துளைபோட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று ரவுண்ட் ஃபைலால் ராவும் ஆளும் இருக்கிறார்.

கைகளை இறுக்க, பிளேட்டில் எம்12 நட் ஒன்றை வெல்டிங் செய்து அதில் கைப்பிடி வைத்த போல்ட்டை ஏற்றுங்கள். போல்ட் நுனி பைப்பை நேராகக் குத்தினால் 3 மி.மீ. சுவரில் குழி விழும், பிறகு கை அந்தக் குழியிலேயே போய் உட்காரும். நடுவில் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று இருக்கட்டும்.

மோட்டாரை வாங்கிய பிறகுதான் அடித்தட்டில் துளை போட வேண்டும். 80-ஆம் எண் ஃபிரேம் மோட்டார் என்றால் ஷாஃப்ட் 19 மி.மீ., சாவி (சக்கரம் ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் கட்டை) 6 மி.மீ., காலின் துளைகள் 125 × 100 மி.மீ. தூரத்தில், ஷாஃப்ட்டின் உயரம் 80 மி.மீ. சிங்கிள் பேஸ் மோட்டார்களும் பழைய மோட்டார்களும் பெரிய ஃபிரேமில் வரலாம். அதனால் துளைகளை நீள்துளையாக வரைந்துவிடுவது உத்தமம். ஓட்டும் சக்கரத்தை ஷாஃப்ட்டில் நிறுத்த இரண்டு எம்8 கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு), ஒன்று சாவியின் மேல், மற்றது அதற்குச் செங்கோணத்தில்.

நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்தோ நூல் கட்டியோ பாருங்கள். மேடு வைத்த சக்கரத்துக்குக் கொஞ்சம் சாய்வு கொடுக்க ஒரு கீலும் ஒரு திருகும் போதும்.

மோட்டாரும் மின்சாரமும்

டெல்டாவில் பல சின்னப் பட்டறைகளுக்குச் சிங்கிள் பேஸ் இணைப்புதான். வி.எஃப்.டி. வைத்தால் 230 வோல்ட் சிங்கிள் பேஸை உள்ளே வாங்கி, மோட்டாருக்குத் த்ரீ பேஸாகத் தரும், வேகத்தையும் மாற்றலாம். ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட்தான். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்; ஸ்டாரில் 415 வோல்ட் என்று பெயர்ப்பலகையில் போட்ட மோட்டாரை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் மாற்றலாம். மூன்று மட்டும் வெளியே வந்திருந்தால் அந்த மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது, வாங்கும்போதே மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் மின்வெட்டுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது இயந்திரம் தானாகக் கிளம்பக் கூடாது. வி.எஃப்.டி. அமைப்பில் மின்சாரம் வந்ததும் தானே ஓடும் வசதியை அணைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும்படி வையுங்கள். எந்த எண்ணை என்னவாக மாற்றினீர்கள் என்பதையும் ஆவணத்தில் எழுதுங்கள்.

மோட்டார் முழுதாக மூடிய வகையாக இருக்கட்டும். வி.எஃப்.டி.யைத் தூசி புகாத பெட்டியில், தீப்பொறி தெறிக்காத பக்கம் மாட்டுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் அன்றோடு சரி. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறி மெதுவாகி மோட்டார் சூடாகும். சட்டகம், மோட்டார், வி.எஃப்.டி. மூன்றுக்கும் எர்த் உண்டா என்று ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் வி.எஃப்.டி.க்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும். மூடியைக் கழற்றும் முன் அதன் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் பெல்ட்டை மாட்டிக் கையால் சுற்றுங்கள். பெல்ட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதைப் பார்த்துச் சாய்வுத் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 10 ஹெர்ட்ஸில் சில நொடி, அப்புறம் மெல்ல மெல்ல மேலே. அந்த நேரத்தில் பெல்ட்டுக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம். 2 மி.மீ. தகட்டில் காப்பு மாட்டாமல் முழு வேகத்துக்குப் போகவும் வேண்டாம். தேய்க்கும் பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கு மேடைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி போதும், கூடினால் சின்னத் துண்டை உள்ளே இழுக்கும்.

இரும்பும் அலுமினியமும் ஒரே தட்டில் தூளாகச் சேரக் கூடாது. துருவும் அலுமினியத் தூளும் கலந்த குவியலில் ஒரு பொறி விழுந்தால் அணைக்க முடியாத நெருப்பு வரும். உலோகம் மாற்றும்போது தட்டைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். வைக்கோல், சாக்கு, உமி மூட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். பித்தளையில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். அதைத் தேய்க்கிறவர் முகக்கவசம் போட வேண்டும், கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடக் கூடாது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கண்ணாடி கட்டாயம். கையுறையும் தொங்கும் துண்டும் கூடாது, பெல்ட் இழுத்துவிடும்.

வெளியிடுதல்

கிட்ஹப்போ கிட்லேப்போ, எதிலாவது ஒரு களஞ்சியம். அதற்குள் ஃப்ரீகேட் மூலக் கோப்பு, எல்லா மென்பொருளும் திறக்கும் ஸ்டெப் கோப்பு, லேசருக்கு டி.எக்ஸ்.எஃப்., அச்சிட பி.டி.எஃப்., மாற்று வழிகளோடு பொருள் பட்டியல், படிப்படியான படங்கள், இன்னும் தீராத குறைகளின் பட்டியல். ஒவ்வொரு தாளிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், பட்டறைச் சுவரில் ஒட்டிய பழைய தாளை அப்போதுதான் அடையாளம் காணலாம்.

பட்டறையில் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பவர் குறைவு. ஏ3 தாளில் தமிழ்க் குறிப்புகளோடு அச்சிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் சுருங்கி, 31.98 என்பது 31.88 ஆகத் தெரியும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த தென்னைகளை அறுக்கக் கருவிகளுக்கு வேலை குவிந்த நேரம் அது. அப்படிப்பட்ட நாளில் இணையத்தில் இருக்கும் வரைபடத்தால் ஒன்றும் ஆகாது, தாளில் இருப்பதுதான் உதவும்.

லைசென்ஸுக்கு செர்ன் ஆய்வகத்தின் ஓப்பன் ஹார்டுவேர் லைசென்ஸ் நல்ல தேர்வு. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மூன்று வகை உண்டு. திருத்தியவர் தன் திருத்தத்தையும் திறந்துவிட வேண்டும் என்ற கண்டிப்பான வகை, நடுத்தர வகை, நிபந்தனை அதிகமில்லாத வகை. இந்த மாதிரி இயந்திரத்துக்கு நான் கண்டிப்பான வகையையே எடுப்பேன். ஆனால் சட்டத்தின் பலத்தை அதிகம் நம்ப வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 15-ஆம் பிரிவுப்படி, டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால் அதன் மீதான பதிப்புரிமை முடிந்துவிடும். லைசென்ஸைவிட உங்களைக் காப்பாற்றுவது வெளியீட்டுத் தேதி. பொதுவில் வெளிவந்த ஒன்றுக்குப் பிறகு வேறொருவர் புதுமை என்று சொல்லிக் காப்புரிமை கேட்க முடியாது. ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் அசோசியேஷனில் இலவசமாகச் சான்றிதழ் எண்ணும் பெறலாம், அந்தப் பதிவும் தேதிக்கு ஒரு சாட்சி.

இன்னொரு பட்டறையில் கட்டச் சொல்லுங்கள்

உங்களுக்குப் பழக்கமில்லாத ஊரில் ஒரு பட்டறையைத் தேடுங்கள். சித்திரை, வைகாசியில் போவது நல்லது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் ரோட்டாவேட்டர் பிளேடும் உழவுக் கொழுவும் வரிசை கட்டி நிற்கும். தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் வாசலில் நிற்கும்போது உங்கள் தாளை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

பொருளுக்கும் கூலிக்கும் முழுப் பணம் கொடுத்துவிடுங்கள். ஏ3 தாள்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தில் நின்று விளக்கத் தொடங்கினால் சோதனை பாழ். பேனா ஒன்றும் கொடுத்து, எங்கே நின்று யோசித்தாரோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கடலோரப் பட்டறை என்றால் இன்னும் நல்லது. நாகப்பட்டினம் உப்புக்காற்றில் எந்த நட் முதலில் துருப்பிடித்து இறுகுகிறது என்று ஒரு மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

திரும்பி வரும் தாளில் கோடுகள் விழுந்த இடங்களெல்லாம் அடுத்த பதிப்பில் திருத்த வேண்டியவை. தாளில் இல்லாத ஒன்றை அவர் தானாகச் செய்திருந்தால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள். போல்ட்டுக்குப் பதில் வெல்டிங் போட்டிருந்தால், அந்தப் போல்ட் தேவைதானா என்று முதலில் யோசியுங்கள். தேவையென்றால் ஏன் தேவை என்று தாளில் ஒரு வரி சேருங்கள். தேவையில்லையென்றால் அவர் செய்ததே வரைபடத்துக்குள் போகட்டும், அனுமதி கேட்டு அவர் பட்டறையின் பெயரும் பதிப்புக் குறிப்பில் ஏறட்டும்.

அவரே இன்னும் இரண்டு கட்டி விற்றால் உங்களுக்குக் காசு வராது. உங்கள் இயந்திரத்துக்கு நீங்கள் வைத்த பெயரை மட்டும் அவர் பயன்படுத்தக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம், வடிவமைப்பின் உரிமையும் பெயரின் உரிமையும் வேறு வேறு. வாங்கியவர் கோளாறு என்று வந்தால் கட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் விற்ற இயந்திரங்களில் எந்த பேரிங் எத்தனை மாதத்தில் போனது என்ற கணக்கை மட்டும் கேட்டு வாங்குங்கள், இரண்டாம் பதிப்பு அதிலிருந்து தொடங்கும்.